நூலும் வெந்நீரும்: புதுச்சேரியை முன்வைத்து முகக்கவச மறுபயன்பாட்டின் வரலாறு

2020 ஏப்ரல் 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, பொது இடங்களில் முகத்தை மூடிக்கொள்வதைக் கட்டாயமாக்கியது. அதே மாதம் 30ஆம் நாளோடு, புதுச்சேரியில் 1898இல் தொடங்கப்பட்ட ஆங்கிலோ பிரெஞ்சு துணி ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. ஊரார் வழக்கில் அது ரோடியர் மில். நாட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு துண்டுப் பருத்தித் துணி தேவைப்பட்ட மாதத்தில், துணியால் பெயரெடுத்த ஊர் தன் பெரிய ஆலையை இழந்தது. இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் தூண்டுதல். எந்தக் கவசத்தை அணிவது, அதை எப்படிக் கிருமி நீக்குவது, எத்தனை முறை மீண்டும் அணிவது என்ற கேள்விகளுக்கு மருத்துவமனைகள் ஒரு காலத்தில் தெளிவான விடை வைத்திருந்தன. அந்த விடை நடைமுறையிலிருந்து நழுவியது எப்போது, 2020இல் அது என்ன வடிவில் திரும்பி வந்தது என்று தேடுவோம்.

ஆறு மடிப்பு வலைத்துணி

தொடக்கம் ஐரோப்பாவின் அறுவைக் கூடங்களில். பேசும்போது வாயிலிருந்து தெறிக்கும் துளிகளில் உயிருள்ள கிருமிகள் இருப்பதை ஜெர்மனியின் பிரெஸ்லாவில் கார்ல் ஃப்ளூகே நிறுவினார். 1897இல் அதே நகரின் அறுவை மருத்துவர் யோஹான் மிக்குலிச் வலைத்துணிக் கவசம் அணிந்தார். அதே ஆண்டில் பாரிஸில் பால் பெர்ஜேவும் அணியத் தொடங்கினார். பெர்ஜேயின் கவசம் ஆறு மடிப்பு வலைத்துணி. அதன் கீழ் விளிம்பை, கிருமி நீக்கப்பட்ட மேலங்கியோடு சேர்த்துத் தைத்திருந்தார். தாடியையும் மறைக்க வேண்டியிருந்தது. 1899இல் பாரிஸ் அறுவை மருத்துவச் சங்கத்தில் இதைப் பற்றி அவர் கட்டுரை வாசித்தார். இந்தக் கவசம் அறுவைக்கூடத்தின் மற்றத் துணிகளோடு சலவைக்குப் போய், நீராவியில் வெந்து, மறுநாள் திரும்பியது. மறுபயன்பாடு என்று தனியாக ஒரு பெயர்கூட அன்றைக்குத் தேவைப்படவில்லை.

நோயாளியைக் காக்கப் பிறந்த இந்தத் துணி, அணிபவரையும் காக்கும் என்று நிறுவியவர் பினாங்கில் பிறந்த வூ லியன்-டே. 1910–11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக் சுமார் 60,000 பேரைக் கொன்றது. இது மூச்சுக்காற்றின் வழியே பரவுகிறது என்று கண்ட வூ, பஞ்சை இடையில் வைத்து மடித்த வலைத்துணிக் கவசத்தை ஹார்பின் நகரில் பரவலாக்கினார். மலிவானது, எவரும் தைக்கக்கூடியது. அவரைவிட மூத்தவரான பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி அதை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில், 1911 ஜனவரியில், அதே நோயால் இறந்தார். மெஸ்னி பிரெஞ்சுக் காலனி மருத்துவப் பணியிலிருந்து வந்தவர். புதுச்சேரியின் மருத்துவமனையையும் மருத்துவப் பள்ளியையும் நடத்தியது அதே மருத்துவ மரபுதான். ஆதலால் அவருடைய சாவைப் புதுச்சேரி மருத்துவ வரலாற்றுக்கு வெளியே நிறுத்த எனக்கு மனமில்லை.

1918இல் இன்ஃப்ளூயன்சா பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சென்னை மாகாணத்தை வாட்டியது. அதே கொள்ளைநோயின்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் கவசம் அணியாதவர்களைப் பிடித்துத் தண்டித்தார்கள். டோக்கியோ தெருக்களில் மக்கள் மூக்கை மூடிக்கொண்டு நடந்ததை, அப்போது அங்கிருந்த மீரா அல்ஃபாசா பின்னாளில் அரவிந்தர் ஆசிரம வகுப்புகளில் நினைவுகூர்ந்தார். புதுச்சேரி மக்கள் 'அன்னை' என்று அழைப்பது அவரைத்தான்.

தூக்கி எறியும் காலம்

1960களில் காகிதமும் செயற்கை இழையும் கொண்ட கவசங்கள் மருத்துவமனைகளுக்குள் வந்தன. ஒருமுறை அணிந்து எறிந்துவிடலாம்; சலவைக்கும் நீராவிக்கும் ஆள் வேண்டாம். 1823இல் வேர்கொண்ட புதுச்சேரி மருத்துவப் பள்ளி ஜிப்மர் என்று பெயர் மாறியதும் அதே பத்தாண்டில், 1964இல். துணியை ஓரங்கட்டியதற்கு அதன் வடிகட்டும் திறன் காரணமாக இருக்கவில்லை. நான்கு மடிப்பு மஸ்லின் கவசம், அப்போது புழங்கிய காகிதக் கவசங்களைவிட மேலானது என்று 1975இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அதற்குள் சந்தை மாறிவிட்டது. ஆலைகள் துணிக் கவசம் தயாரிப்பதை நிறுத்தியதும் அதைச் சோதிப்பதும் நின்றது. எப்படித் துவைப்பது, எத்தனை துவைப்புவரை தாங்கும் என்ற கணக்கும் அதோடு போயிற்று. மருத்துவத் துறை இந்த அறிவைக் கைவிட்டது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

இன்னொரு பக்கம், நுண்துகள்களை வடிகட்டும் என்-95 கவசம் வளர்ந்தது. உருக்கி ஊதிய பாலிப்ரொப்பிலீன் இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றும் முறையை ஆய்வாளர் பீட்டர் சாய் மேம்படுத்தினார். நுண்துகள்களை இழைகள் இழுத்துப் பிடிப்பது இந்த மின்னூட்டத்தால். என்-95 கவசத்தைத் துவைக்கக்கூடாது என்பதற்கான காரணமும் இதுவே: ஆல்கஹாலும் சோப்பும் பட்டால் மின்னூட்டம் போய்விடும். பார்வைக்குப் பழையபடியே இருக்கும். வடிகட்டும் திறன் இருக்காது.

2020

மாகேயில் 2020 மார்ச் 17 அன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் முதல் கொரோனா தொற்று உறுதியானது. அதற்குச் சில நாள் முன்பே கவசங்கள் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தன. மார்ச் 21இல் மத்திய அரசு மூன்றடுக்குக் கவசத்துக்கு 10 ரூபாய், ஈரடுக்குக்கு 8 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. தட்டுப்பாடு மருத்துவமனைகளை மறுபயன்பாட்டுக்குத் தள்ளியது.

உலகெங்கும் பரவிய எளிய வழி சுழற்சி முறை. ஒரு செவிலியருக்கு ஐந்து என்-95; நாளுக்கு ஒன்று. கழற்றியதைக் காகிதப் பையில் இட்டுக் காற்றாட வைத்து, அதன் முறை மறுபடி வரும்போது எடுப்பது. பிளாஸ்டிக் பை கூடாது, ஈரம் தங்கும். காத்திருக்கும் காலத்தில் வைரஸ் தானே செயலிழக்கும் என்பது கணக்கு. ஆனால் ஹாங்காங் ஆய்வாளர்கள், சர்ஜிக்கல் மாஸ்க்கின் வெளிப்பரப்பில் ஏழாம் நாளிலும் வைரஸைக் கண்டார்கள். ஆகவே காத்திருப்பதை மட்டும் நம்பியிருப்பது போதாது. பையிலிருந்து எடுத்த கவசத்தின் வெளிப்புறத்தைத் தொட்ட கையைக் கழுவுவதும் அதே அளவு முக்கியம். அதே ஆய்வில் 70 டிகிரி வெப்பத்தில் வைரஸ் ஐந்து நிமிடத்தில் செயலிழந்தது. பீட்டர் சாயும் உலர்ந்த 70 டிகிரி வெப்பத்தையே பரிந்துரைத்தார். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி அமெரிக்காவில் 2020 மார்ச் இறுதியில் அவசர அனுமதி பெற்றது. அது பெருங்கருவி உள்ள இடங்களுக்கு மட்டுமே உதவும். தேர்விலும் ஒரு சிக்கல் இருந்தது. வால்வு வைத்த என்-95 அணிபவரைக் காக்கும், அவர் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே அனுப்பும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு இதைச் சொல்லி எச்சரித்தது.

வீடுகளுக்கான வழிகாட்டுதல் ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நல்ல பருத்தித் துணியில் தையுங்கள், பக்கங்களில் இடைவெளி விடாதீர்கள், ஆளுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றது அது. சோப்பும் வெந்நீரும் கொண்டு துவைத்துக் குறைந்தது ஐந்து மணி நேரம் கடும் வெயிலில் காயவைக்க வேண்டும். இல்லையேல் உப்புப் போட்ட நீரில் பிரஷர் குக்கரில் 10 நிமிடம். குக்கர் இல்லாவிட்டால் 15 நிமிடம் கொதிக்கவைப்பது. அதுவும் முடியாதபோது சோப்பில் துவைத்து, இஸ்திரிப் பெட்டியால் ஐந்து நிமிடம் சூடேற்றுவது. படிக்கும்போது பெர்ஜே காலத்துச் சலவைக்கூடம் சமையலறைக்குள் இறங்கி வந்தது தெரிகிறது.

ஆனால் இந்தக் குறிப்பு வெயிலை நம்பி எழுதப்பட்டது. புதுச்சேரியின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2020 நவம்பர் 25 இரவில் நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மின்சாரம் நின்ற வீட்டில் இஸ்திரிப் பெட்டி வேலை செய்யாது, வெயிலும் இல்லை. அடுப்பும் குக்கரும் மட்டுமே மிச்சம். ஈரம் காயாத துணியை அணிந்தால் மூச்சுவிடுவது கடினம், அழுக்கும் சேரும். வடகிழக்குப் பருவமழைக் கரைக்கென்று, கொதிக்கவைப்பதை முதல் வழியாக வைத்துத் தனிக் குறிப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

துவைப்பவர் யார் என்ற கேள்வி அதைவிடக் கனமானது. வியட்நாமின் ஹனோய் நகரில் 14 மருத்துவமனைகளின் 1,607 பணியாளர்களிடம் நடந்த ஆய்வு, துணிக் கவசம் அணிந்தவர்களுக்குத் தொற்று அதிகம் என்று 2015இல் அறிவித்தது. துணிக்கு எதிராக அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு அது. 2020 செப்டம்பரில் அதே ஆய்வாளர்கள் தரவுகளைத் துவைப்பு முறைப்படி பிரித்துப் பார்த்தார்கள். தாமே கையால் துவைத்தவர்களுக்குத்தான் ஆபத்து கூடியிருந்தது. மருத்துவமனைச் சலவையில் துவைத்துத் தரப்பட்ட துணிக் கவசம், மருத்துவக் கவசத்துக்கு ஈடாகவே காத்திருந்தது.

புதுச்சேரியின் 2020ஐ இந்த முடிவின் வெளிச்சத்தில் படித்தால் அந்த ஏப்ரல் மாதம் வேறு பொருள் தருகிறது. 19ஆம் நூற்றாண்டில் நீலத் துணியை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்த ஊர் இது. 2011 டிசம்பரின் தானே புயலில் சிதைந்து, அதன்பின் எழாமலே மூடப்பட்ட ரோடியர் மில்லில், ஒரே தரத்தில் நான்கு மடிப்புப் பருத்திக் கவசம் நெய்து தைக்கும் கைகளும் தறிகளும் ஒரு காலத்தில் இருந்தன. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கோரிமேட்டில் ஜிப்மரிலும், கதிர்காமத்தில் கோவிட் மருத்துவமனையாக மாற்றப்பட்ட இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. துணி, தையல், சலவை மூன்றையும் பொதுப் பொறுப்பில் ஒரு சங்கிலியாகக் கோக்கும் வாய்ப்பை இந்த ஊர் அளவுக்குப் பெற்றிருந்த நகரங்கள் குறைவு. அந்தச் சங்கிலி கோக்கப்படாததால், துவைக்கும் வேலை ஒவ்வொரு வீட்டிலும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. அடுத்த கொள்ளைநோய்க்கான புதுச்சேரியின் ஆயத்தத் திட்டத்தில் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கும் அதில் வேலை செய்வோருக்கும் தனி அத்தியாயம் வேண்டும்.