சேலம் ஜில்லா, 1937: குடித்தவனுக்கு ஜெயில்

கஞ்சாவோடு பிடிபடும் நம் பையன்களை ஜெயிலுக்கு அனுப்புவதா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா? இந்தக் கேள்விக்குத் தேன்கனிக்கோட்டையில் வயது அதிகம்.

1937 அக்டோபர் 1. ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த இடம் சேலம் ஜில்லா. அன்று ஓசூரும் தளியும் தேன்கனிக்கோட்டையும் அந்த ஜில்லாவில்தான் இருந்தன. விற்றவனோடு குடித்தவனையும் அந்தச் சட்டம் குற்றவாளி ஆக்கியது. போதைப்பொருளும் அதற்குள் வந்தது. கள்ளுக்கடைக்குப் பதிலாகப் பஜனை, விளையாட்டு என்றார்கள். குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவனுக்குப் பஜனை என்ன செய்யும்? பல வருடக் குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகும். அது வைத்தியர் பார்க்க வேண்டிய வேலை, போலீஸ் பார்த்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம், அங்கே இந்தச் சட்டம் இல்லை. ஆனேக்கல் போய்வர வண்டியும் காசும் இருந்தவனுக்குச் சிக்கல் இல்லை. பண்ணையில் கூலிக்கு நின்றவனுக்குக் காட்டு ஊறல்தான், பின்னாலேயே கேஸ்.

1948இல் மாகாணம் முழுவதும் விலக்கு. வசதியானவர் டாக்டர் சான்றிதழ் வாங்கி பர்மிட்டில் குடித்தார். ஒரே பழக்கம்தான்: பங்களாவில் நோய், சேரியில் குற்றம். அண்ணல் அம்பேத்கரின் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன் 1951 தேர்தல் அறிக்கையில் மதுவிலக்கை எதிர்த்ததை நம்மவர்களே பலர் மறந்துவிட்டோம். விலக்கால் சாராயம் வீட்டுக்குள்ளேயே காய்ச்சப்படுகிறது என்பதும் அதன் வாதங்களில் ஒன்று.

கடையை மூடு என்று நம் தாய்மார்கள் கேட்பது நியாயம். ஆனால் கடையை மூடுவது வேறு, மகனை உள்ளே தள்ளுவது வேறு. அந்த 1937 சட்டம் இன்றும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே 2003 முதல் அரசே டாஸ்மாக் கடை நடத்துகிறது!

கஞ்சாவுக்கு இப்போது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். அதன் 27ஆவது பிரிவு பயன்படுத்துகிறவரைத் தண்டிக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் 64ஏ இருக்கிறது: அடிமையானவர் சிறிய அளவோடு பிடிபட்டு, அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாகச் சிகிச்சைக்குச் சேர்ந்தால் வழக்கிலிருந்து விலக்கு. கஞ்சாவுக்குச் சிறிய அளவு ஒரு கிலோ வரை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். 39ஆவது பிரிவின்படி, தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவனுக்கு இந்தச் சலுகை இல்லை, இருக்கவும் கூடாது. சிப்காட் ஷிஃப்ட் முடித்து வரும்போது பொட்டலத்தோடு சிக்கிய பையனுக்கு உண்டு. வீட்டார் ஜாமீன் மனுவோடு நிற்காமல், 64ஏ பற்றி வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள். இலவச சட்ட உதவி மையத்து வக்கீலிடமும் கேட்கலாம்.