செவ்ரு நகரின் எடைக்கல்

பாரிசு மாநகரின் தென்மேற்கே, சேன் ஆற்றங்கரையில் உள்ள சிறுநகர் செவ்ரு. 1756-இல் இங்குக் குடியேறிய பீங்கான் தொழிற்சாலையாலேயே இதனைப் பலர் அறிவர். உதுமானியப் பேரரசைக் கூறுபோட்ட உடன்படிக்கை 1920 ஆகஸ்டு 10-ஆம் நாள் கையொப்பமானதும் அத்தொழிற்சாலையில்தான். அது பீங்கானினும் எளிதில் உடைந்தது. 1923-இல் லோசான் உடன்படிக்கை அதன் இடத்தைப் பெற்றது.

நெடுநாள் நிலைத்த உடன்படிக்கை வேறொன்று உண்டு. 1875 மே 20-இல் பதினேழு நாடுகள் பாரிசில் கூடி, அளவைகளுக்கெனப் பொது நிலையமொன்றை நிறுவ இசைந்தன. 1870-ஆம் ஆண்டுப் போரில் சேதமுற்றிருந்த பிரெத்தேய் மாளிகையைப் பிரான்சு அதற்கு அளித்தது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்து வார்த்த உருளை ஒன்று, 1889-இல் உலகின் கிலோகிராம் என ஏற்கப்பட்டு அங்கே வைக்கப்பட்டது. உயரம் 39 மில்லிமீட்டர், குறுக்களவும் அவ்வளவே. உள்ளங்கையில் அடங்கும்! அதன் பெட்டகத்தைத் திறக்க மூவரிடமுள்ள மூன்று சாவிகள் வேண்டும்.

அதனோடு ஒத்த படிகள் பல நாடுகளுக்கும் வழங்கப்பெற்றன. 1988-இல் தொடங்கிய ஒப்பீட்டிலோ, அவற்றுட் பலவற்றுக்கும் மூலத்துக்கும் இடையே கிராமில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 50 பங்கு வேறுபாடு தென்பட்டது. மூலம் இளைத்ததா, படிகள் பருத்தனவா? மாணாக்கர் முன் வைக்கத்தக்க வினா இது. மூலமே கிலோகிராம் என்பது இலக்கணமாதலின், அது தேய்ந்தாலும் அதன் எடை ஒரு கிலோகிராமே. உலகின் ஏனைப் பொருள்களே கனத்தன என்றுதான் சொல்லவேண்டும்!

இச்சிக்கல் 2019 மே 20-இல் தீர்ந்தது. அன்றுமுதல் கிலோகிராமுக்கு அடிப்படை, இயற்கையின் மாறா எண்ணாகிய பிளாங்கு மாறிலி. பழைய உருளை செவ்ருவிலேயே காக்கப்படுகிறது. அதன் எடையையும் இனி அளந்தே அறியவேண்டும்.