தாய்க் குருதி காத்த வரலாறு



தாஜ்மகாலை நேரிற் கண்டவர் சிலர். படத்திற் கண்டவர் பலர். அதன் வெண்மையையும் வடிவழகையும் வியக்கும் நாம், அஃது எழுந்த காரணம் யாதெனக் கேட்டாற் காதல் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுகின்றோம். 1631ஆம் ஆண்டு ஜூன் திங்களில் புர்ஹான்பூரில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. ஷாஜகானின் மனைவி மும்தாஜ் அங்கேதான் தம் 14ஆம் குழந்தையை ஈன்றார். ஈன்றவுடன் உயிர் நீத்தார். நில்லாது பெருகிய குருதியே அவர் உயிரைக் கொண்டது என்று கருதுவர். பேரரசின் செல்வம் முழுவதும் கல்லறை கட்டப் பயன்பட்டதேயன்றி, அந்தக் குருதியை நிறுத்தப் பயன்படவில்லை.

வரலாறு என்றால் போரும் முடிசூட்டு விழாவும் என்றே நாம் படித்து வந்தோம். பெற்ற தாயைச் சாவினின்று மீட்க மனிதர் செய்த முயற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று நான் கூற விழைகின்றேன்.

முதலில் இயற்கை செய்யும் விந்தையை அறிந்துகொள்வோம். பேறுகாலம் நெருங்கிய தாயின் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்கும் மேலாகக் குருதி பாய்கின்றது. நம் உடலில் உள்ள குருதியோ ஏறத்தாழ 5 லிட்டரே. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும், அஃது ஒட்டியிருந்த இடத்துக் குருதிக் குழாய்களெல்லாம் வாய் திறந்து நிற்கும். அடைப்பார் இல்லையேல் என்னாகும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆனால் கருப்பையின் தசைநார்கள் வலைபோற் பின்னி அமைந்தவை. கருப்பை சுருங்கியவுடன் அந்நார்கள் குழாய்களைச் சுருக்குக் கயிறுபோல் இறுக்கிவிடுகின்றன. கருப்பை சுருங்காது தளர்ந்துவிடின் பெருக்கு நிற்பதில்லை. பேற்றுக்குப் பின் வரும் பெரும்போக்கிற்குத் தலையாய காரணம் இத்தளர்ச்சியே. நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்குதலும், பிறப்பு வழியில் ஏற்படும் கிழிசலும், குருதி உறையாமையும் ஏனைய காரணங்கள்.

தளர்ந்த கருப்பையைச் சுருக்கும் மருந்து எங்கிருந்து கிடைத்தது? ஐரோப்பாவில் விளையும் ரை என்னும் தானியக் கதிரில் எர்காட் என்ற கரிய பூஞ்சணம் பற்றுவதுண்டு. அது பேற்று வலியைத் தூண்டும் என்பதை மருத்துவரினும் முன்னதாக மருத்துவச்சியரே அறிந்திருந்தனர். 1808இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டேர்ன்ஸ் அதனைப் பற்றி எழுதியபின் மருத்துவரும் கையாளத் தொடங்கினர். ஆனால் பேற்றுக்கு முன்னரே கொடுத்ததாற் குழந்தைகள் இறந்தே பிறந்தன. குழந்தை பிறந்தபின் குருதியை நிறுத்துவதற்கே அதனைக் கொடுத்தல் வேண்டும் என்று டேவிட் ஹோசாக் எச்சரித்தார். உரிய நேரம் தவறின் மருந்தே நஞ்சாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1935இல் டட்லி, மாயர் என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர், எர்காட்டின் ஆற்றலுக்குக் காரணமான எர்கோமெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். உடலே சுரக்கும் ஆக்சிடோசினை 1953இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய வின்சென்ட் டு விக்னோ, 1955இல் நோபெல் பரிசு பெற்றார். இன்று குழந்தை பிறந்தவுடன் எல்லாத் தாய்மார்க்கும் கொடுக்கத்தக்க மருந்தாக உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது அதனையே.

இழந்த குருதியை ஈடுசெய்யும் முயற்சியும் இத்துயரத்தினின்றே பிறந்தது. பேற்றுக்குப்பின் குருதி பெருகி மடியும் பெண்டிரைக் கண்டு வருந்திய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், ஒரு மனிதரின் குருதியை மற்றொருவர்க்குச் செலுத்தும் முறையை ஆராய்ந்தார். அம்முறையால் ஒரு தாய் பிழைத்த செய்தி 1829இல் வெளியாயிற்று. எனினும் சிலர் பிழைப்பதும் சிலர் மடிவதும் ஏன் என்பது அவர்க்கு விளங்கவில்லை. 1901இல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளைப் பற்றி எழுதிய பின்னரே அப்புதிர் அவிழ்ந்தது.

இனி என் உள்ளத்தைப் பெரிதும் தொட்ட பகுதிக்கு வருகின்றேன். ஜப்பானில் 1918இல் பிறந்தவர் உடாகோ ஒகமோட்டோ என்னும் பெண்மணி. போருக்குப்பின் வறுமையுற்றிருந்த நாட்டில் அவரும் கணவர் ஷோசுகேயும் ஆராய்ச்சி செய்தனர். பொருள் வாங்கப் பணமில்லை. ஆதலின் தத்தம் குருதியையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். கைக்குழந்தையை முதுகிற் கட்டிக்கொண்டே உடாகோ ஆய்வுக்கூடத்திற் பணியாற்றினார். உறைந்த குருதி மீண்டும் கரைந்துபோகாமற் காக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 1962இல் அவ்விருவரும் உலகிற்கு அறிவித்தனர். பேற்றில் மடியும் தாயரை அது காக்கும் என்று உடாகோ நம்பினார். ஆனால் அதனைச் சோதித்துப் பார்க்கக் கோபே நகர மகப்பேற்று மருத்துவர் இணங்கவில்லை.

அரை நூற்றாண்டு கழிந்தது. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2017 ஏப்ரலில் வெளிவந்தது. பேற்றுக்குப்பின் 3 மணி நேரத்திற்குள் அம்மருந்தைக் கொடுத்தாற் குருதிப்போக்கால் நிகழும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது உறுதியாயிற்று. அதனைக் கேட்டு மகிழ உடாகோ இல்லை. முந்திய ஆண்டு ஏப்ரலில், தம் 98ஆம் வயதில், அவர் மறைந்துவிட்டார்.

மருந்தறிந்தாற் போதாது; பெருக்கை உரிய நேரத்தில் அறிதலும் வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. கண்ணால் மட்டும் மதிப்பிட்ட இடங்களிற் பெரும்போக்குகளுள் ஏறத்தாழப் பாதி அறியப்படாமலே போயின. அளவுக்கோடிட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பிற் குருதியைச் சேர்த்து அளந்து, மருந்துகளையும் கருப்பையைப் பிசைந்துவிடுதலையும் உடனுக்குடன் ஒருங்கே செய்த இடங்களில் கடும் விளைவுகள் 60 விழுக்காடு குறைந்தன. எளிய விரிப்பு ஒன்று. அதன்மேற் சில கோடுகள். அவ்வளவே!

மாணவர்களே, இவ்வரலாற்றினின்று நான் அறிந்துகொண்டது ஒன்று. கண்டுபிடித்தல் பாதி வழியே. கண்டுபிடித்ததைத் தாயின் கட்டிலருகே காலத்தாற் கொண்டு சேர்த்தல் மறுபாதி. முற்பாதியைக் கடந்த உடாகோ மறுபாதிக்காக 54 ஆண்டுகள் காத்திருந்தார். அவரோடு எத்தனையோ தாய்மார் காத்திருந்து மடிந்தனர். நாளை உங்களுட் சிலர் மருத்துவராகலாம், செவிலியராகலாம், ஊர்தோறும் மருந்து சேர்க்கும் அலுவலராகலாம். அந்நாளில் தாஜ்மகாலின் படத்தைக் காண நேர்ந்தால், அங்கே துயிலும் பெண்ணுக்குக் காலத்தில் வாய்க்காத உதவியையும் சிறிது நினைத்துக்கொள்ளுங்கள்.