தலைப்பை யார் எழுதுவது? ஏடு, அச்சு, சர்வர்

1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானது. மொழி தமிழ், எழுத்து ரோமன். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் 1586இல் அண்ரீக்கே அடிகளாரின் 'அடியார் வரலாறு' தமிழெழுத்திலேயே அச்சானதாகக் கருதுகிறார்கள். ஒரே மொழி, இரண்டு குறித்தொகுதி. எந்தத் தொகுதியைக் கொண்டு வாசிப்பது என்கிற முடிவு பிரதிக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. அந்த 'வெளி'தான் நம் விஷயம்.

ஏட்டில் இன்னும் சிக்கல். ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். ரகரமும் காலும் ஒரே வடிவம். எகரமா ஏகாரமா, தெரியாது. 1880களில் பத்துப்பாட்டு ஏடு தேடி உ.வே.சா. ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளுக்கு வந்தபோது அவர் கையில் எடுத்ததும் இந்த வகை எழுத்தைத்தான். குறிப்பான் ஒன்று, குறிப்பீட்டை வாசிப்பவரின் மரபறிவு தீர்மானித்தது. அந்த மரபறிவு யார் யாருக்கு வாய்த்தது என்பது சாதியைத் தொடாமல் பதில் சொல்ல முடியாத கேள்வி.

சர்வரும் இப்படித்தான். அதனிடம் இருப்பது வெறும் எண்கள். உடலுக்கு முன்னால் ஒரு தலைப்பை அனுப்புகிறது: இது படம், இது எழுத்து, குறியேற்றம் இன்னது. மின்னஞ்சலுக்காக 1992இல் போரன்ஸ்டைனும் ஃப்ரீடும் வகுத்த 'மைம்' முறை இது. பொதுவாகச் சர்வர் கோப்புப் பெயரின் வாலைப் பார்த்து, பட்டியலில் தேடி, வகையைச் சொல்லிவிடும். உள்ளே என்ன இருக்கு என்று திறந்து பார்க்காது. வால் இல்லாத பிரதி, டேட்டாபேஸிலிருந்து அவ்வப்போது பிறக்கும் பிரதி என்றால், நிரல்தான் ஒவ்வொரு தடவையும் தலைப்பை எழுதி, ஒரு வரி வெற்றாக விட்டு, பிறகு உடலை அனுப்ப வேண்டும். உடல் கிளம்பிய பிறகு தலைப்பை மாற்ற முடியாது. போச்சு.

தலைப்பு குறியேற்றத்தைச் சொல்லாவிட்டால்? எழுத்துக் கோப்பை லத்தீன்-1 என்று கொள்க என்றன 1996, 1999ஆம் ஆண்டு எச்.டி.டி.பி. ஆவணங்கள். மௌனம் என்றால் ஐரோப்பா. 171 என்கிற எண் திஸ்கியில் 'அ'. லத்தீன்-1இல் மேற்கோள் குறி. அரிச்சுவடியின் முதல் எழுத்தே மேற்கோள் குறியாகிப்போனது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு டாம், டாப் என்று வேறு இரண்டை முன்வைத்தது. கடைக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். பல தமிழ்ப் பக்கங்கள் 'பயனர் வகுத்தது' என்று மட்டும் தலைப்பில் எழுதின. பெயரில்லாதவன் தன் பெயரை எப்படிச் சொல்வான்? லத்தீனே இயல்பு என்ற விதி நீங்கியது 2014இல்தான்.

அதே 1999, ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்கான ஊர்வலத்தின் மீது கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஆற்றங்கரையில் 17 பேர் செத்தார்கள். அந்தக் காலத்தில் டி.டி.பி. கடைகளில் அடித்த துண்டறிக்கைகள், சிறுபத்திரிகைகள் எல்லாம் ஏதோ ஒரு எழுத்துருவை நம்பி அடித்தவை. எழுத்துரு போனால் எண்கள்தான் மிச்சம். மாற்றாமலே 'யுடிஎஃப்-8' என்று தலைப்பை மட்டும் ஒட்டினால் அது பொய்ச் சாட்சி. தேடினால் 'மாஞ்சோலை' என்ற சொல்லே அகப்படாது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, யூனிக்கோடுக்கு மாற்றி, அப்புறம்தான் வகையைச் சொல்ல வேண்டும்.

இதை கம்ப்யூட்டர்காரர் வேலை என்று விட்டுவிட்டால், ஏடு சில வீடுகளுக்குள் அடங்கிய கதை திரும்பும். பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்று செய்யலாம்: எந்த எழுத்துருவில் அடித்தது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.