திரும்ப இயலாத ஊர்

ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஆயினும், விடுமுறை கிடைத்தால் புகைவண்டி ஏறி ஊருக்குச் சென்று வரலாம் என்னும் நம்பிக்கை நமக்கு உண்டு. அந்நம்பிக்கையும் பொய்த்துப்போன ஒரு சிற்றூரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் மாவட்டத்தில் உள்ளது டைன்ஹாம். வடக்கே சுண்ணக்கல் குன்றுத்தொடர். தெற்கே கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறைமுகடு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பள்ளத்தாக்கே அவ்வூர். பள்ளத்தாக்கு மேற்கே வொர்பரோ விரிகுடாவில் முடிகிறது. குன்றின்மேல் இரும்புக் காலத்து மண்கோட்டை ஒன்று உண்டு. அதன் ஒரு பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோய்விட்டது. முதலாம் வில்லியம் மன்னனின் ஆணையால் 1086-ல் தொகுக்கப்பட்ட நிலக்கணக்கேட்டிலேயே இவ்வூர் இடம்பெற்றிருக்கிறது.

உழவும், கால்நடை வளர்ப்பும், மீன்பிடிப்பும் மக்களின் தொழில்கள். நிலமும் வீடுகளும் பாண்ட் என்னும் நிலக்கிழார் குடும்பத்திற்கு உரியவை. பிள்ளைகள் குறைந்தமையால் 1932-ல் பள்ளி மூடப்பட்டது. ஊர் மெலிந்துவந்தது உண்மை, ஆனால் மடிந்துவிடவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது, பீரங்கி வண்டிப் பயிற்சிக்கென்று டைன்ஹாமையும் அதைச் சூழ்ந்த சுமார் 7,500 ஏக்கர் நிலத்தையும் இராணுவம் கேட்டது. 1943 நவம்பரில் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே, டிசம்பரில், இருநூறுக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். தங்கள் இல்லங்களையும் ஆலயத்தையும் பேணிக் காக்குமாறும், ஒருநாள் தாங்கள் திரும்பி வருவோம் என்றும் எழுதிய தாள் ஒன்றை ஆலயக் கதவில் பதித்துவிட்டுச் சென்றனர்.

போர் 1945-ல் முடிந்தது; அவர்கள் திரும்பவில்லை. 1948-ல் அரசு அந்நிலத்தை நிலையாகவே வைத்துக்கொள்ள முடிவு செய்தது. கோப்புகளோடு பழகிய நமக்குத் 'தற்காலிகம்' என்னும் சொல்லின் ஆயுள் எவ்வளவு நீளக்கூடும் என்பது தெரியாததன்று. குடியிருந்தோர் பெரும்பாலும் நிலமற்றவர்கள். ஆகவே ஈடு கேட்கவும் அவர்களுக்குப் பெரிதாக உரிமை இல்லை. 1968-ல் ஊரை மீட்க ஓர் இயக்கம் எழுந்தது. பயிற்சிக் களத்தை வேறிடத்திற்கு மாற்றலாம் என 1973-ல் ஓர் அரசுக் குழுவே பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. பொதுமக்கள் சென்று காண மட்டும் இசைந்தது.

இன்று பயிற்சி இல்லாத நாட்களில் எவரும் அங்குச் செல்லலாம். ஆலயமும் பள்ளியும் பேணப்பட்டுள்ளன. வீடுகளோ கூரையிழந்து நிற்கின்றன. உழவு இல்லாமையால் காட்டுப் பூக்களும் பறவைகளும் அங்குப் பெருகியிருக்கின்றன. இடிந்த வீடுகளில், அங்கு வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய குறிப்புப் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன.

மண்ணை இழந்தோருக்கு எஞ்சியது அப்பெயர்களே. மண்ணை இழக்காத நாம், நம் ஊரின் பெயரையும், தெருவின் பெயரையும், அண்டை வீட்டாரின் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோமா?