பொருளைக் காட்டிச் சொல்லைக் கொடுத்தவர்கள்

மொழி வகுப்பில் மாம்பழத்தைக் கையில் கொடுத்து அதன் பேரைச் சொல்லித் தருவதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் இந்தச் சின்ன யோசனைக்காக இருநூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

முதலில் கொமீனியஸ் என்கிற மொராவியப் பாதிரியார். மதச் சண்டையில் ஊரை விட்டே ஓட வேண்டி வந்தவர். 1656-இல் போலந்தின் லெஷ்னோ நகரம் எரிந்தபோது, வருஷக்கணக்கில் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. இரண்டு வருஷம் கழித்து நூரம்பர்க்கில் வெளிவந்ததுதான் ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ என்ற அவருடைய படப் பாடநூல். ஒரு பக்கம் லத்தீன், ஒரு பக்கம் ஜெர்மன். படத்தில் போட்ட எண்ணே சொல்லுக்கும். (நம்ம மெஷின் டிராயிங்கில் பாகங்களுக்கு நம்பர் போடுவோமே, அதே சங்கதிதான்!) பொருளே கிடைத்தால் அதையே காட்டுங்கள் என்று முன்னுரையில் சொல்லியும் வைத்தார்.

ஸ்விட்சர்லாந்தில் பெஸ்டலாட்சி நடத்திய பள்ளியைப் பற்றி ஒரு கதை உண்டு. ஆசிரியர் ஜன்னல் படத்தை வைத்துப் பாடம் நடத்த, “நிஜ ஜன்னலே அங்கே இருக்கே, படம் எதுக்கு?” என்றானாம் ஒரு பொடியன். பையன் சொன்னதுதான் சரி என்றாராம் பெஸ்டலாட்சி.

இந்த முறை இங்கிலாந்துக்குப் போனதும்தான் வினை. எலிசபெத் மேயோ 1830 வாக்கில் எழுதிய பொருட்பாட நூலில் முதல் பாடம் கண்ணாடி. நல்ல புத்தகம்தான். ஆனால் நாளடைவில் பல பள்ளிகளில் பொருள் போய்விட்டது, ‘பளபளப்பானது, உடையக்கூடியது’ என்ற பட்டியல் மட்டும் மிஞ்சியது. மனப்பாடம்! 1854-இல் டிக்கன்ஸ் தன் ‘ஹார்டு டைம்ஸ்’ நாவலில் இந்த மாதிரிப் படிப்பைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். குதிரைகளோடு வளர்ந்த பெண்ணுக்குக் குதிரையின் இலக்கணம் சொல்ல வரவில்லை. ஒரு பையன் கடகடவென்று ஒப்பித்துப் பேர் வாங்குகிறான். வைவாவில் இந்தப் பையனை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

பிறகு 1878, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரம். பெர்லிட்ஸ் தன் பள்ளிக்கு நிக்கோலஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரரை வேலைக்கு வைத்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. அந்த நேரம் பார்த்து பெர்லிட்ஸ் படுத்த படுக்கை. “பொருளைக் காட்டு, நடித்துக் காட்டு, எப்படியாவது சமாளி” என்று அனுப்பிவிட்டார். ஆறு வாரம் கழித்து எழுந்து வந்தவர் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தார். பார்த்தால், வகுப்பே பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தது! தாய்மொழியே கலக்காத பெர்லிட்ஸ் முறை இப்படித்தான் பிறந்தது.

கைக்கு அகப்படாத சொற்களுக்கு அவரும் வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. தெரிந்த சொற்களோடு கோத்துக் கோத்துப் புரியவைத்தார். வொர்க்‌ஷாப்பில் வைஸையும் ஹாக்ஸாவையும் கையில் பிடித்தே பேர் தெரிந்துகொண்டோம். என்ட்ரோபியை எந்த மேசையில் வைத்துக் காட்டுவது?