இல்லமும் பள்ளியும்: கட்டாயக் கல்விச் சட்டத்தின் வரலாறு

திண்டுக்கல் மாவட்டத்துத் தொப்பம்பட்டிப் பகுதியில் ஊழியஞ்செய்யும் போதகரை அணுகி, "எங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கச் சட்டம் இடந்தருமா?" என்று பெற்றோர் வினவுவாராயின், அவர் யாது விடை பகர்வார்? வினா புதிதாகத் தோன்றினும், இதன் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு.

தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கக் கோகலே 1911-இல் கொணர்ந்த மசோதா, மறு ஆண்டிலேயே தோல்வியுற்றது. 1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சி மன்றங்கள் தத்தம் எல்லைக்குள் கல்வியைக் கட்டாயமாக்க வழிவகுத்தது. ஆயினும் போதிய பள்ளிகளும் ஆசிரியர்களும் இல்லாத கிராமங்களில் கட்டாயம் ஏட்டளவிலேயே நின்றது.

இந்நிலையில் 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி, கிராமத்துப் பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியிலும், எஞ்சிய வேளை பெற்றோரிடம் தொழிலும் கற்கும் திட்டத்தைப் புகுத்தினார். பெற்றோரின் தொழில் பெரும்பாலும் சாதியின் தொழிலாகவே இருந்த சமுதாயத்தில், வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தன்மைத்தான பள்ளியன்று. ஆகவே பெரியார் முதலியோர் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது.

எனினும், இல்லக் கல்வி எங்கும் தளையாகவே இருந்ததென்று கூறுதல் பொருந்தாது. பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பற்றிருந்த பெண்களுக்கு, மிஷன்களைச் சார்ந்த வேதாகம ஸ்திரீகள் வீடுதோறும் சென்று எழுத்தறிவித்ததை நம் திருச்சபை வரலாறு அறியும். அங்கே இல்லம் அடைத்த கதவன்று, திறந்த வாயிலாயிற்று.

2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கி, அதற்கு வாய்ப்பளித்தலைப் பெற்றோரின் கடமையாகவும் விதித்தது. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அண்மைப் பள்ளியில் சேர்த்தல் பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதனையும் அச்சட்டம் விதிக்கவில்லை. கடுமையான ஊனமுற்ற பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையை 2012-ஆம் ஆண்டின் திருத்தம் வெளிப்படையாக வழங்கிற்று. ஏனையோரைக் குறித்து அத்தகைய வெளிப்படையான அனுமதி அதில் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகத் தேர்வெழுதும் வழி இருப்பினும், அது 10-ஆம் பிரிவின் கடமையை நீக்கிவிடாது.

ஆகவே போதகர் கூறத்தக்க விடை இதுவே: கல்வி உரிமைச் சட்டத்தில் தண்டனை இல்லாமை அனுமதியாகிவிடாது, அச்சட்டத்தில் தண்டனை உண்டென்று அச்சுறுத்துதலும் உண்மையாகாது. 1953-இல் மறக்கப்பட்டதும் 2002-இல் எழுதப்பட்டதும் ஒன்றே: கல்வி பெற்றோரின் உடைமையன்று, பிள்ளையின் உரிமை. பெற்றோர் விரும்புவது யாது என்பதற்கு முன், அந்த வீட்டில் அப்பிள்ளை பெறப்போவது யாது, இழக்கப்போவது யாது என்று உசாவுதலே மேய்ப்பனின் முதற்கடன்.